வெர்மான்ட்டில் வீடு, வரி, வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறிய கிராமப்புற மாநிலம் என்றதும் வெர்மான்ட்டை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

அமெரிக்காவின் வடகிழக்கில், கனடாவின் கியூபெக் மாகாணத்தை ஒட்டியிருக்கும் வெர்மான்ட்டின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பின்படி 6,43,077. ஐம்பது மாநிலங்களில் வயோமிங்கில் மட்டுமே இதைவிடக் குறைவானவர்கள் வாழ்கிறார்கள். தலைநகர் மாண்ட்பீலியரில் சுமார் 8,000 பேர். மிகப் பெரிய நகரமான பர்லிங்டனிலும் 45,000 பேர் இல்லை. மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் கிராமப்புறங்களில் வசிப்பதால், கணக்கெடுப்புத் துறையின் வரையறைப்படி நாட்டிலேயே மிகவும் கிராமப்புறமான மாநிலம் இதுவே.

வீட்டுப் பற்றாக்குறை, சொத்து வரி, வேலைவாய்ப்பு ஆகிய மூன்றும் பெரிய மாநிலங்களில் மூன்று தனித்தனித் துறைகளின் கவலைகளாக இருக்கும். வெர்மான்ட்டில் ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசைகின்றன. அந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ளாமல் தனித்தனியாகத் தீர்வு தேடியதே இத்தனை ஆண்டுகள் வீணானதற்குக் காரணம் என்று கருதுவதால், இந்தப் பக்கத்தில் மூன்றையும் சேர்த்தே விளக்கியிருக்கிறேன்.

கிராமப்புற மாநிலம் என்றால் அங்கே வேலை இருக்காதே?

வெர்மான்ட்டில் நிலைமை நேர்மாறானது. பெருந்தொற்றுக் காலத்து ஏற்றம் தணிந்த பிறகு, வேலையின்மை விகிதம் 2 முதல் 3 சதவீதத்துக்குள்ளேயே இருந்துவருகிறது. நாட்டின் மிகக் குறைந்த விகிதங்களில் இதுவும் ஒன்று. மருத்துவமனைகள் செவிலியரைத் தேடுகின்றன, பள்ளிகள் ஆசிரியரையும் பேருந்து ஓட்டுநரையும் தேடுகின்றன, கட்டட ஒப்பந்தக்காரர்கள் தச்சரையும் எலக்ட்ரீஷியனையும் தேடுகிறார்கள். மாநிலத்தின் மிகப் பெரிய வேலை வழங்குநர்களில் ஒன்றான பர்லிங்டனிலுள்ள வெர்மான்ட் பல்கலைக்கழக மருத்துவமனையும், எசெக்ஸ் ஜங்ஷனில் முன்பு ஐபிஎம் நடத்தி 2015-இல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் வசம் சென்ற சில்லு ஆலையும் வெளியூர்களிலிருந்து ஆட்களை வரவழைத்தே ஆக வேண்டியிருக்கிறது.

எல்லா வேலைக்கும் நல்ல ஊதியம் கிடைப்பதாக இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பனிச்சறுக்கு விடுதிகளிலும் உணவகங்களிலும் முதியோர் பராமரிப்பிலும் கிடைக்கும் கூலி, அருகிலுள்ள வாடகைக்கு ஈடுகொடுப்பதில்லை. ஆனாலும் அடிப்படைக் குறை வேலையின் எண்ணிக்கையில் இல்லை. அந்த வேலையைச் செய்ய வருபவர் தங்குவதற்கு இடம் இல்லாததில்தான் இருக்கிறது. வேலை கிடைத்து, ஒப்புதல் கடிதமும் கைக்கு வந்த பிறகு, வீடு அகப்படாததால் வேலையை மறுத்தவர்களைப் பற்றி மருத்துவமனை நிர்வாகங்களும் பள்ளி நிர்வாகங்களும் தொடர்ந்து சொல்லிவருகின்றன.

பற்றாக்குறை எவ்வளவு பெரியது?

2025 முதல் 2029 வரையிலான காலத்துக்கு மாநிலம் தயாரித்த வீட்டுத் தேவை மதிப்பீடு, 24,000 முதல் 36,000 வரை கூடுதல் வீடுகள் தேவைப்படும் என்று கணக்கிட்டது. ஆறரை லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் இடத்துக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை. 1980-களில் ஆண்டுதோறும் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டிருந்த வீட்டு இருப்பு, 2010-களில் அதில் ஒரு சிறு பங்கு வேகத்துக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஒரு தலைமுறைக் கால மந்தத்தின் பலன்தான் இப்போது வாடகையாகவும் விலையாகவும் வந்து நிற்கிறது.

இன்னொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வெர்மான்ட் நாட்டின் முதுமையான மாநிலங்களில் ஒன்று. பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய பிறகு நான்கு அறை வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும், அல்லது ஒருவர் தனியாக, வாழ்கிறார்கள். மக்கள்தொகை பெருகாதபோதும், ஒரு வீட்டில் வாழ்வோர் எண்ணிக்கை குறைந்தால் வீடுகளின் தேவை கூடும். அந்த முதியவர்கள் படியேறத் தேவையில்லாத சிறிய வீட்டுக்கு மாற விரும்பினாலும், தம் ஊரில் அப்படி ஒரு வீடு கட்டப்பட்டே இருப்பதில்லை.

வீடற்றோர் நிலை இதன் கொடுமையான முகம். கூட்டாட்சி அரசுக்காக ஆண்டுதோறும் ஒரே இரவில் எடுக்கப்படும் கணக்கில், 2023-லும் 2024-லும் 3,000-க்கு மேற்பட்டோர் வீடின்றி இருந்தனர். மக்கள்தொகை விகிதப்படி இது நாட்டின் மிக மோசமான நிலைகளுள் ஒன்று. மோட்டல் அறைகளை வாடகைக்கு எடுத்து அவர்களைத் தங்கவைக்கும் ஏற்பாட்டுக்கு மாநிலம் பெரும் தொகையைச் செலவிட்டது. நிரந்தர வீடு ஒன்றைக்கூடச் சேர்க்காத செலவு அது.

நிலம் இவ்வளவு இருக்கிறதே, ஏன் கட்ட முடியவில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் மிக நீண்ட பதில் தேவைப்படுகிறது.

முதலில் நிலத்தையே பார்க்க வேண்டும். மாநிலத்தின் நடுவே பச்சை மலைத்தொடர் வடக்கு தெற்காக ஓடுகிறது. மலைச்சரிவுகளில் மண் அடுக்கு மெல்லியது. பாறை அருகிலேயே இருக்கும். பல சிற்றூர்களில் பொதுக் கழிவுநீர்க் குழாயே கிடையாது என்பதால், ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தன் மண்ணுக்குள்ளேயே வடியவிட வேண்டும். அதற்கு ஏற்ற மண்ணும் போதிய இடமும் வேண்டும். எனவே ஊர் நடுவில் நெருக்கமாக நான்கு வீடுகள் கட்ட நினைப்பவர், சட்டம் அனுமதித்தாலும், கழிவுநீருக்கு வழியில்லாமல் நின்றுவிடுகிறார். ஒரு சிற்றூருக்குக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கும் செலவை அங்குள்ள சில நூறு குடும்பங்கள் மட்டும் தாங்க முடியாது.

இரண்டாவது, உள்ளூர் விதிகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு, அதற்கு இத்தனை ஏக்கர் நிலம், இத்தனை கார் நிறுத்துமிடம் என்று ஊர்கள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடுகள், அந்த ஊர்களின் அழகுக்குக் காரணமான பழைய நெருக்கமான மையத்தை இன்று மறுபடி கட்டுவதையே தடைசெய்தன.

மூன்றாவது, மாநில அளவிலான நிலப் பயன்பாட்டு அனுமதி. 1970-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் டீன் டேவிஸ் காலத்தில் இயற்றப்பட்ட 250-ஆம் சட்டத்தின்படி, ஐந்து மைல் ஆரத்துக்குள் ஐந்து ஆண்டுகளில் ஒரே கட்டுநர் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கட்டினால், உள்ளூர் அனுமதியோடு மாவட்டக் குழுவின் அனுமதியையும் பெற வேண்டும். நீர், காற்று, போக்குவரத்து, பள்ளிச் சுமை, இயற்கை அழகு உள்ளிட்ட பத்து அளவுகோல்களில் திட்டம் தேற வேண்டும். பலர் ஒன்பது வீடுகளோடு நிறுத்திக்கொண்டதற்கு இந்த வரம்பே காரணம். அனுமதி கிடைத்த பிறகும் அண்டை வீட்டார் ஒருவரின் மேல்முறையீடு திட்டத்தை மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில், முடக்கிவிட முடியும். கடன் வாங்கிக் காத்திருக்கும் சிறிய கட்டுநருக்கு அந்தக் காத்திருப்பே நட்டம்.

நான்காவது, கட்டுவதற்கு ஆள் இல்லை. தச்சரும் பிளம்பரும் வந்து குடியேறவும் வீடு வேண்டும் அல்லவா?

அப்படியானால் 250-ஆம் சட்டத்தை நீக்கிவிடலாமே?

நீக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது ஏன் வந்தது என்பதை மறக்கக் கூடாது. 1960-களில் நெடுஞ்சாலைகள் வந்து பாஸ்டனையும் நியூயார்க்கையும் சில மணி நேரப் பயணத்துக்குள் கொண்டுவந்தபோது, தெற்கிலுள்ள டோவர், வில்மிங்டன் போன்ற ஊர்களில் பனிச்சறுக்குக்கு வருவோருக்கான விடுமுறை வீடுகள் மலைச்சரிவுகளில் அவசர அவசரமாக எழுந்தன. மெல்லிய மண் கழிவுநீரைத் தாங்காமல், அது ஓடைகளில் வெளிப்பட்டது. ஊராட்சிகளிடம் அதைத் தடுக்கும் விதிகள் இருக்கவில்லை. வெர்மான்ட்டின் மலைகளும் வயல்களும் இன்றும் சிதையாமல் இருப்பதில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

தவறு எங்கே நேர்ந்தது என்றால், மலையுச்சிக்கும் ஊர் நடுவுக்கும் ஒரே தராசைப் பயன்படுத்தியதில் நேர்ந்தது. சாலையும் குழாயும் பள்ளியும் ஏற்கெனவே இருக்கும் ஊர் மையத்தில் முப்பது வீடுகள் கட்டுவது காட்டைக் காப்பாற்றும் செயல். அதற்குத் தடை போட்டதால் அந்த வீடுகள் சாலையோரக் காட்டு மனைகளில் ஒவ்வொன்றாகச் சிதறின.

இதைத் திருத்தும் வேலை தொடங்கிவிட்டது. 2023-இன் 47-ஆம் சட்டம், தனி வீடு அனுமதிக்கப்படும் இடத்திலெல்லாம் இரட்டை வீட்டையும், குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் உள்ள இடங்களில் நான்கு வீடுகள் வரையிலும் அனுமதிக்க வேண்டும் என்று ஊர்களைக் கட்டாயப்படுத்தியது. 2024-இன் 181-ஆம் சட்டம் மாநிலத்தை அடுக்குகளாகப் பிரித்து, நன்கு திட்டமிடப்பட்ட நகர மையங்களை மாநில அனுமதியிலிருந்து விலக்கவும், சூழலியல் முக்கியத்துவம் உள்ள பகுதிகளில் கண்காணிப்பைக் கூட்டவும் வழி செய்தது. வரைபடங்கள் தயாராகும் வரை தற்காலிக விலக்குகளும் தரப்பட்டன. ஆளுநர் பில் ஸ்காட், இது கிராமங்களுக்குப் போதிய தளர்வு தரவில்லை என்று கையெழுத்திட மறுத்துத் தடுத்தார் (வீட்டோ); சட்டமன்றம் 2024 ஜூனில் அதை மீறி நிறைவேற்றியது. குழாய் வசதியில்லாத சிற்றூர்களைப் பொறுத்தவரை ஆளுநரின் கவலையில் உண்மை இருக்கிறது.

வெளியூர்க்காரர்களின் இரண்டாம் வீடுகள்தான் காரணமா?

ஒரு காரணம், முழுக் காரணம் அன்று. மாநிலத்தின் வீடுகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று பருவகாலப் பயன்பாட்டுக்கானது. இந்த விகிதத்தில் மேய்ன் மாநிலம் மட்டுமே முந்தியிருக்கிறது. ஸ்டோ, கில்லிங்டன், லட்லோ போன்ற பனிச்சறுக்கு ஊர்களில் இது மிக அதிகம். அவற்றில் பல தொடக்கத்திலிருந்தே விடுமுறைக்கென மலைமேல் கட்டப்பட்டவை; நாளையே காலிசெய்தாலும் செவிலியரோ ஆசிரியரோ பனிக்காலத்தில் அங்கிருந்து வேலைக்குப் போய்வருவது கடினம். ஊருக்குள் இருந்த சாதாரண வீடுகள் குறுகிய கால வாடகைக்கு மாறியதுதான் உண்மையான இழப்பு.

2024 ஆகஸ்ட் முதல், முதன்மை வசிப்பிடமாக இல்லாத வீட்டை வாங்குவோருக்குச் சொத்து மாற்ற வரி 3.4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. குறுகிய கால வாடகைக்கு, ஏற்கெனவே இருந்த 9 சதவீத அறை வரிக்கு மேல் 3 சதவீதம் சேர்க்கப்பட்டது. வருவாய் கூடும் என்பது நியாயம். ஆனால் இரண்டாம் வீடு வாங்கும் வசதி படைத்தவரை இது திருப்பி அனுப்பிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சொத்து வரி ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது?

பள்ளிகளுக்காகச் செலுத்தப்படும் வரி என்பதால். 1997 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் பிரிகம் வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. பணக்கார ஊர்க் குழந்தைக்கு ஒரு கல்வியும் ஏழை ஊர்க் குழந்தைக்கு ஒரு கல்வியும் கிடைக்கும்படி, ஊரின் சொத்து மதிப்பைச் சார்ந்தே பள்ளிகளை நடத்துவது மாநில அரசியலமைப்புக்கு எதிரானது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு வந்த 60-ஆம் சட்டம் கல்வி வரியை மாநிலம் முழுவதற்குமான ஒரே நிதியில் சேர்த்தது. பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த ஊர்கள் 'தங்க ஊர்கள்' என்று அழைக்கப்பட்டு, தம் வரியை மற்ற ஊர்களோடு பகிர நேர்ந்ததில் கொதித்தெழுந்தன. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். பிறந்த ஊரை வைத்து ஒரு குழந்தையின் பள்ளி தீர்மானிக்கப்படக் கூடாது.

ஆனால் நடைமுறை இப்படி இருக்கிறது: ஒவ்வொரு பள்ளி மாவட்டத்தின் வரவுசெலவையும் அந்த ஊர் வாக்காளர்கள், பெரும்பாலும் மார்ச் முதல் செவ்வாயன்று, ஊர் மக்கள் கூடி முடிவெடுக்கும் டவுன் மீட்டிங் நாளில், வாக்களித்துத் தீர்மானிக்கிறார்கள். செலவுக்கான பணமோ பொது நிதியிலிருந்து வருகிறது. ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைப் பொறுத்து அந்த ஊரின் குடியிருப்பு வரி விகிதம் அமைகிறது. குடியிருப்பல்லாத சொத்துகளுக்கு மாநிலம் முழுவதும் ஒரே அடிப்படை விகிதம். மற்ற ஊர்கள் எல்லாம் செலவைக் கூட்டினால், சிக்கனமாக இருந்த ஊரின் வரியும் ஏறும்.

இதன் மேல் சந்தை மதிப்புச் சரிக்கட்டல் ஒன்று இருக்கிறது. ஊரின் சொத்துப் பட்டியலில் பழைய மதிப்பு இருக்க, சந்தையில் வீடுகள் அதைவிட அதிக விலைக்கு விற்றால், அந்த இடைவெளியை ஈடுகட்ட மாநிலம் ஊரின் வரி விகிதத்தை உயர்த்துகிறது. வீட்டுப் பற்றாக்குறை விலையை ஏற்றுகிறது. விலை ஏறியதால், வீட்டை விற்கவே நினைக்காத ஓய்வூதியக்காரருக்கும் வரிக் கடிதம் கனத்து வருகிறது. வருமானத்துக்கு ஏற்ப வரிச் சலுகை உண்டு, பல குடும்பங்கள் அதைப் பெறவும் செய்கின்றன. எனினும் அது முந்தைய ஆண்டுகளின் கணக்கை வைத்து வருவதால், திடீர் ஏற்றத்தை உடனே தணிப்பதில்லை.

2024-இல் நடந்தது என்ன?

பல செலவுகள் ஒரே ஆண்டில் சேர்ந்து வந்தன. பள்ளி ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் கடுமையாக உயர்ந்தது. பெருந்தொற்றுக் கால கூட்டாட்சி உதவி முடிவுக்கு வந்தது. பழைய பள்ளிக் கட்டடங்கள் பழுதுபார்ப்பைக் கோரின. மாணவர் கணக்கீட்டை மாற்றிய 2022-இன் 127-ஆம் சட்டத்தில் இருந்த வரி உச்சவரம்பு, செலவைக் கட்டுப்படுத்தும் ஊக்கத்தைக் குலைத்ததால், அதைச் சட்டமன்றம் பிப்ரவரியில் கைவிட நேர்ந்தது. மார்ச்சில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பள்ளி வரவுசெலவுகளை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். கடைசியில் கல்விச் சொத்து வரியின் சராசரி உயர்வு 13.8 சதவீதமாக நின்றது. நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி சட்டமன்றத்தில் தன் மூன்றில் இரண்டு பங்கு பலத்தை இழந்தது.

வரிச்சுமை தாங்காமல் மக்கள் நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய்விடுகிறார்களா?

கனெக்டிகட் ஆற்றைக் கடந்தால் ஊதிய வரியும் விற்பனை வரியும் இல்லாத மாநிலம் என்பது உண்மை. வெர்மான்ட்டில் வருமான வரியின் உச்ச விகிதம் 8.75 சதவீதம், விற்பனை வரி 6 சதவீதம். எல்லையோரக் கடைகளுக்கு இது நிஜமான நட்டம். ஆனால் நியூ ஹாம்ப்ஷயர் தன் செலவுக்குச் சொத்து வரியையே பெரிதும் நம்பியிருக்கிறது. அங்கும் வீடு கிடைப்பது எளிதன்று. ஆகவே வரி ஒன்றையே வைத்து குடிபெயர்வை விளக்குவது சரியாகாது.

பணம் கொடுத்து ஆட்களை அழைத்தார்களே, அது பலன் தந்ததா?

2018-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், வெளிமாநில நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு வெர்மான்ட்டில் குடியேறுவோருக்கு இரண்டு ஆண்டுகளில் 10,000 டாலர் வரை இடமாற்றச் செலவு தரப்பட்டது. செய்தித்தாள்களில் இடம்பிடித்த அளவுக்கு அது வீட்டுச் சந்தையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. இருக்கும் வீடுகளுக்கு இன்னும் ஒரு போட்டியாளரை, அதுவும் பாஸ்டன் ஊதியம் வாங்குபவரை, சேர்ப்பதே அதன் விளைவு. அந்தப் பணம் ஒரு சிற்றூரின் கழிவுநீர்க் குழாய்க்குப் போயிருந்தால் உள்ளூர்ப் பிள்ளைகள் சிலராவது ஊரிலேயே தங்கியிருப்பார்கள்.

பால் பண்ணைகளின் நிலை என்ன?

1940-களில் 11,000-க்கு மேல் இருந்த பண்ணைகள் இன்று சில நூறாகக் குறைந்துவிட்டன. எஞ்சியவை பெரியவை, மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களே பெரும்பாலும் பால் கறக்கிறார்கள், பண்ணைக்குள்ளேயே தங்குகிறார்கள். அந்தத் தங்குமிடங்களின் தரம் தனியாகக் கவனிக்க வேண்டிய பிரச்சினை. விவசாய நிலத்துக்கும் காட்டுக்கும் சந்தை மதிப்பில் வரி போடாமல் பயன்பாட்டு மதிப்பில் வரி போடும் ஏற்பாடு, மாநில நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நடைமுறையில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்னும் பல பண்ணைகள் மனைகளாகியிருக்கும்.

வெள்ளத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நெருங்கிய தொடர்பு உண்டு. ஆற்று நீரால் ஆலைகள் ஓடிய காலத்தில் ஊர்கள் ஆற்றங்கரைகளில் எழுந்தன. மலிவான பழைய வீடுகளும் நடமாடும் வீட்டுக் குடியிருப்புகளும் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயலும், 2023 ஜூலையில் மாண்ட்பீலியரையும் பாரியையும் மூழ்கடித்த வெள்ளமும், சரியாக ஓராண்டு கழித்து 2024 ஜூலையில் வந்த வெள்ளமும் அந்த வீடுகளையே முதலில் தாக்கின. அபாயமான வீடுகளை அரசு விலைக்கு வாங்கி இடித்துவிடுவது உயிர்காக்கும் ஏற்பாடுதான். ஆனால் இடித்த மனையில் மறுபடி கட்ட முடியாது. ஊரின் வரிப் பட்டியலிலிருந்தும் அது நிரந்தரமாக நீங்குகிறது. மேட்டு நிலத்தில் மாற்று வீடுகள் எழும்பாவிட்டால், ஊர் ஒரே நேரத்தில் குடும்பத்தையும் வரியையும் மாணவரையும் இழக்கிறது.

உருப்படியாகப் பலன் தந்த முயற்சி எதுவும் உண்டா?

உண்டு. பிற்காலத்தில் அமெரிக்க செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் மேயராக இருந்த 1984-இல் பர்லிங்டனில் ஒரு சமூக நில அறக்கட்டளை தொடங்கப்பட்டது; இன்று அது சாம்ப்ளேன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெயரில் நாட்டின் மிகப் பெரிய சமூக நில அறக்கட்டளையாக இருக்கிறது. நிலம் அறக்கட்டளையிடம் இருக்கும். குடும்பம் வீட்டை மட்டும் வாங்கும். விற்கும்போது, தாம் செலுத்தியதையும் விலையேற்றத்தில் கால் பங்கையும் எடுத்துக்கொண்டு, மீதியை அடுத்த குடும்பத்துக்கு விட்டுச்செல்ல வேண்டும். ஒருமுறை கொடுத்த மானியம் பல குடும்பங்களுக்குத் தொடர்ந்து பயன்படுகிறது.

இன்னொன்று, பழுதடைந்து பூட்டிக்கிடக்கும் வாடகை வீடுகளைச் சீரமைக்க உரிமையாளருக்கு ஒரு வீட்டுக்கு 50,000 டாலர் வரை மாநிலம் தரும் திட்டம். நியாயமான வாடகைக்கு விட வேண்டும் என்பது நிபந்தனை. புதிதாகக் கட்டும் செலவில் சிறு பகுதியிலேயே, குழாயும் சாலையும் உள்ள இடத்தில், ஒரு வீடு திரும்பக் கிடைக்கிறது. புதிய வீடுகளால் கூடும் வரி வருவாயை வைத்தே அவற்றுக்கான குடிநீர், கழிவுநீர்ச் செலவை அடைக்க ஊர்களுக்கு 2025-இல் வழங்கப்பட்ட அனுமதியையும் நம்பிக்கையோடு பார்க்கிறேன். சிறிய ஊர்களுக்கு அந்த விண்ணப்பத்தைத் தயாரிக்கவே ஆள் இல்லை என்பதால், அவற்றுக்கு உதவியாளரையும் மாநிலம் தந்தாக வேண்டும்.

பள்ளிகளை இணைத்தால் வரி குறையுமா?

ஆளுநர் ஸ்காட் 2025 ஜூலை 1 அன்று கையெழுத்திட்ட 73-ஆம் சட்டம், நூற்றுக்கு மேற்பட்ட சிறு பள்ளி மாவட்டங்களைப் பெரியவையாக்கி, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலமே நிதியளிக்கும் முறைக்கு 2028-இலிருந்து மாற வழிகாட்டுகிறது. இரண்டாம் வீடுகளைத் தனி வரி வகுப்பாகப் பிரிக்கவும் அதில் இடம் இருக்கிறது. நிர்வாகச் செலவில் ஓரளவு மிச்சமாகும். ஆனால் மலைப்பாதையில் பனியில் ஒரு மணி நேரம் பேருந்தில் போகும் ஆறு வயதுக் குழந்தையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பள்ளி மூடிய ஊருக்கு இளம் குடும்பங்கள் வருவதும் அரிது.

1990-களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை இன்று எண்பதாயிரங்களில் நிற்கிறது. கட்டடமும் பேருந்தும் ஆசிரியரும் அதே விகிதத்தில் குறைவதில்லை என்பதால், ஒரு மாணவருக்கான செலவு ஏறுகிறது. மாவட்டங்களின் எல்லையை மட்டும் மாற்றி எழுதினால் அந்தக் கணக்கு சிறிதளவே நகரும். அரைகுறையாக நிரம்பிய வகுப்பறைகள் இருக்கும் ஊர்களில், நடந்து போகும் தூரத்தில் இருபது குடும்பங்களுக்கு வீடு கிடைத்தால், புதிய ஆசிரியர் ஒருவரைக்கூடச் சேர்க்காமல் செலவைப் பகிர்ந்துகொள்ள இருபது வரி செலுத்துவோர் வருவார்கள். பள்ளி இணைப்புத் திட்டத்தோடு வீட்டுத் திட்டத்தையும் ஒரே மேசையில் வைத்து, எந்தப் பள்ளியை மூடுவது என்று கேட்பதற்கு முன் எந்தப் பள்ளியருகே கட்ட முடியும் என்று சட்டமன்றம் கேட்க வேண்டும்.